அத்தான் திருத்திய கணக்குகள்

பழைய வினாத்தாள்களை நான் வெறுத்த அளவுக்கு வேறு எந்தக் காகிதத்தையும் வெறுத்ததில்லை. எண்பதுகளின் கடைசியில், லண்டனில், ஒருவன் தன்னை முறைப்படி இயந்திரப் பொறியியலாளர் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால், தகுந்த பட்டம் இல்லாதவிடத்து, ஒரு பரீட்சை எழுத வேண்டியிருந்தது. என்னிடம் இருந்தது யாழ்ப்பாணத்துத் தொழில்நுட்பக் கல்லூரி டிப்ளோமா. அதைப் பார்த்து இங்கே யாரும் சிரிக்கவில்லை. மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள், அவ்வளவுதான். பரீட்சைக்குப் படிக்க முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்கள் கட்டாகக் கிடைத்தன. வினாக்கள் மட்டும். விடை ஒன்றுக்கும் கிடையாது. நாள் முழுக்க மண்டையை உடைத்து ஒரு எண்ணைக் கண்டுபிடித்தால், அது சரியா பிழையா என்று சொல்ல அந்தக் கட்டில் ஒரு வரி இருக்காது.

வினாக்கள் வேறு ஓர் உலகத்தைப் பற்றியவை. உராய்வைப் புறக்கணிக்கவும். வடத்தின் நிறையைப் புறக்கணிக்கவும். வெப்ப இழப்பைப் புறக்கணிக்கவும். நான் பகலில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்தேன். அங்கே உராய்வைத் தவிர வேறொன்றும் இல்லை. சீனித் தூளும் கிறீசும் கலந்து பேரிங்குகளில் கறுப்புப் பசையாக இறுகிக் கிடக்கும். அதை நகத்தால் கிண்டி எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, உலகத்தில் உராய்வே இல்லையென்று பாவனை செய்து கணக்குப் போட வேண்டும். எத்தனை தரம் கழுவினாலும் என் விரல்களில் வனிலா மணக்கும். அந்த விரல்களால் பிசைந்தால் மீன்குழம்புச் சோறும் வனிலா மணக்கும்.

அந்தப் பசையிலிருந்து வெளியே வர ஒரு வழி இருந்தது. தொழிற்சாலையின் மேல்மாடியில் வடிவமைப்புப் பிரிவில் ஒரு மேசை காலியாக இருந்தது. தலைமைப் பொறியியலாளர் அதிகம் பேசாத ஒரு வெள்ளைக்காரர். என் வேலையை அவர் கவனித்திருந்தார் போலும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, இந்த ஆண்டுப் பரீட்சையில் சித்தியடைந்தால் அந்த மேசை எனக்கென்றும், இல்லாவிட்டால் குளிர்காலத்துக்கு முன் வெளியில் விளம்பரம் போட்டு ஆள் எடுப்பேனென்றும் சொன்னார். அதற்குமேல் அவரால் அதைப் பிடித்து வைத்திருக்க முடியாது. பரீட்சையோ ஆண்டுக்கு ஒருமுறைதான். ஆகவே எனக்கு இருந்தது அந்த ஒரு வாய்ப்பு. அது போனால் மறுபடி பேரிங்கும் பசையும்தான்.

நான் இருந்தது கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில், அக்கா வீட்டில். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவளுக்குக் கலியாணம் பேசியபோது மாப்பிள்ளை லண்டனில் சாட்டட் இஞ்சினியர் என்று வந்தது. சாட்டட் என்றால் நான் பிறகு எழுதவிருந்த இதே பரீட்சையைத் தாண்டியவர் என்று அர்த்தம், ஆனால் அப்போது அது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இஞ்சினியர் என்றாலே சீதனத்துக்கு ஒரு விலை, அதற்கு முன்னால் இன்னொரு சொல்லும் சேர்ந்தால் அதற்கேற்ற விலை. ஊரில் இருந்த வீட்டை எழுதிக் கொடுத்தார் அப்பா. கலியாணக் கார்டில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அந்தப் பட்டத்தைப் பெரிய எழுத்தில் அடித்திருந்தார்கள். லண்டன் வீட்டு வாசலிலும் பெயரும் பட்டமும் பொறித்த ஒரு பித்தளைப் பலகை இருந்தது. அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் அப்படியொன்று கிடையாது. தபால்காரன் பார்த்துவிட்டு அத்தானை டொக்டர் என்று நினைத்துத் தன் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டிருக்கிறான்.

அத்தான் கவுன்சிலில் வேலை செய்தார். அரசாங்கக் குடியிருப்புகளின் கொதிகலன்களைப் பரிசோதிக்கும் வேலை. கழுத்துப்பட்டியோடு போவார், கழுத்துப்பட்டியோடு வருவார். எங்கள் ஆட்கள் மத்தியில் அவருக்கு நல்ல மதிப்பு. லண்டனின் மறுகோடியில் இருக்கும் ஹரோவில் இருந்து கார் பிடித்து வந்து மகனை என்ன படிப்பிக்கலாம் என்று அவரிடம் யோசனை கேட்டுப் போவார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்து, "மெக்கானிக்கல் கஷ்டம். எல்லாராலையும் ஏலாது" என்பார். இதை எழுதும்போதுகூட 'அவர்' என்றுதான் கை எழுதுகிறது. பழக்கதோஷம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியதும் வீடு மாறிவிட்டது. எங்கள் சனத்துக்குச் சோதினை என்பது ஒரு வகை வருத்தம், காய்ச்சல் மாதிரி. அது வந்த ஆளை வீட்டில் எல்லோரும் தாங்குவார்கள். யாராவது வந்து ரீவியைப் போட்டால் அக்கா ஓடிவந்து நிறுத்துவாள். கிறீன் ஸ்ட்ரீட்டில் வாடகைக்கு எடுத்த வீடியோப் படத்தைச் சத்தமில்லாமல் பார்த்துவிட்டுப் போன விருந்தாளிகளும் உண்டு. "தம்பி சோதினைக்குப் படிக்கிறான்" என்று அவள் கிசுகிசுக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். இருபத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவனுக்கு முட்டைக்கோப்பி அடித்துக் கொடுத்தாள். பச்சை முட்டை நாற்றம் அடிக்கும் அந்தக் கோப்பியை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன்.

அத்தானும் தன் பங்கைச் செய்தார். "கணக்குகளைச் செய்துபோட்டு என்னட்டைத் தா. நான் பாத்துத் திருத்தித் தாறன்" என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. விடையில்லாத வினாத்தாளுக்கு வீட்டிலேயே ஒரு விடை கிடைத்துவிட்டது. அந்தப் பரீட்சையைத் தாண்டிய ஒருவர் மேல்மாடியில் படுத்துறங்கும்போது எனக்கென்ன குறை என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் நான் கணக்குப் போடுவேன். அவர் எதிர்க் கதிரையில் வந்து உட்காருவார். முதலில் கடைசி வரியைப் பார்ப்பார். பிறகு முதல் வரி. பிறகு ஒரு பெருமூச்சு. "உந்த மூண்டாவது வரி எங்கையிருந்து வந்தது?" என்று கேட்பார். நான் விளக்குவேன். "சரி, இதை வேறை விதமாச் செய்து காட்டு பாப்பம்" என்பார். நான் வேறு விதமாகச் செய்து காட்டுவேன். சில கணக்குகளை மூன்று விதமாகக்கூடச் செய்திருக்கிறேன். பெரிய ஆட்கள் இப்படித்தான் ஆழம் பார்ப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, "மேலை கொண்டுபோய் ஆறுதலாப் பாக்கிறன்" என்று போய்விடுவார். சில நாட்கள் கழித்துத் தாள்கள் திரும்பி வரும். ஒவ்வொன்றிலும் சிவப்புப் பேனையால் ஒரு சரி. பிழை என்று ஒருநாளும் போட்டதில்லை. ஒரு சொல் எழுதியதில்லை. நான் அவ்வளவு கெட்டிக்காரன் என்று உள்ளூர மகிழ்ந்த அந்த நாட்களை நினைத்தால் இப்போது எனக்கு என்மேலேயே துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

பரீட்சைக்கு ஒரு மாதம்போல இருக்கும்போது பாரந்தூக்கிக் கணக்கு ஒன்று வந்தது. ஒரு மோட்டர் கியர் சக்கரங்கள் வழியாக ஒரு உருளையைச் சுற்றுகிறது. உருளையில் சுற்றிய வடத்தில் பாரம் தொங்குகிறது. பாரத்தை வேகம் எடுக்கவைக்க மோட்டர் எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது கேள்வி. கியரின் ஒரு பக்கத்தில் உள்ளவற்றின் சடத்துவத்தை மறுபக்கத்துக்குக் கொண்டுவந்து கூட்டினால்தான் இதைச் செய்ய முடியும். அப்படிக் கொண்டுவரும்போது கியர் விகிதத்தை அப்படியே எடுக்கக்கூடாது, அதை அதாலேயே பெருக்கி வர்க்கம் எடுக்க வேண்டும். ஊரில் படித்தது அப்படித்தான் ஞாபகம் இருந்தது. ஏன் வர்க்கம் என்பது சரியாக ஞாபகம் இல்லை, ஆனால் வர்க்கம்தான். வர்க்கம் போட்டே செய்தேன்.

அத்தான் எதிரே இருந்தார். குசினியில் அக்கா செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்ததால் இரண்டு பேருக்கும் இருமல். அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலை வைத்துக் கேட்டார்.

"ஏன் தம்பி இதிலை வர்க்கம்?"

எங்கள் ஊர் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரியவர் ஒருவர் சின்னவனிடம் 'ஏன்' என்று கேட்டால் அது கேள்வியல்ல. 'ஏன் சேட்டுப் பொத்தான் திறந்திருக்கு' என்றால் பூட்டு என்று அர்த்தம். 'ஏன் இவ்வளவு நேரம்' என்றால் பிந்திவிட்டாய் என்று அர்த்தம். அதற்குக் காரணம் சொல்லத் தொடங்குகிறவன் வாய்க்காரன், மரியாதை தெரியாதவன். சின்ன வயதிலேயே குட்டு வாங்கி இதைப் படித்திருக்கிறோம். அக்காவின் புருஷன், வீட்டுக்கு மூத்த மருமகன், சாட்டட் இஞ்சினியர், என் கணக்கில் விரலை வைத்து ஏன் என்கிறார். எனக்கு ஒரு நொடியும் தேவைப்படவில்லை.

"பிழை அத்தான். மாறிப் போட்டன்" என்று சொல்லிவிட்டு, வர்க்கத்தை அழிறப்பரால் அழித்தேன். கீழே இருந்த வரிகளையும் அழித்துத் திரும்பச் செய்தேன். அவர் நான் அழிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்லப் போகிறவர்போல வாயைத் திறந்தார். பிறகு "ம்" என்று தாளை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

என்னிடம் புத்தகம் இல்லாமல் இல்லை. தடித்த புத்தகம் ஒன்று கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அதை எடுத்து அத்தான் சொன்னதைச் சரிபார்த்திருக்கலாம். செய்யவில்லை. அது அவரைச் சந்தேகிப்பது, அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு அவருக்கே கணக்குப் படிப்பிப்பது. அதே மாதிரியான இன்னும் இரண்டு கணக்குகளை வர்க்கம் இல்லாமல் செய்து கொடுத்தேன். இரண்டும் சிவப்புச் சரியோடு திரும்பி வந்தன.

பரீட்சை நாள் காலை அத்தான் வேலைக்கு வெள்ளெனவே போய்விட்டார். போகும்போது என் தோளில் தட்டி, "பதறாமல் எழுது" என்றார். அக்கா ஐஸ்கிறீம் பெட்டியொன்றில் கட்லட்டும் பாணும் வைத்துத் தந்தாள். கோயில் திருநீற்றை நாட்காட்டித் தாளில் மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். அவள் கை நடுங்கியதைக் கண்டு எனக்கு அவள்மேல் பாசம் பொங்கியது. எனக்காகத்தானே நடுங்குகிறாள் என்று நினைத்தேன்.

நகர நடுவே ஒரு கல்லூரி மண்டபம். தரை மெழுகின் நாற்றம், பக்கத்திலிருந்தவனின் ஈரக் கம்பளிக் கோட்டின் நாற்றம். எனக்கு முன்வரிசையில் மேசை கிடைத்தது. காலைத் தாள் இயந்திரங்களின் இயக்கவியல். அதில் பாரந்தூக்கி வந்திருந்தது. மோட்டர், கியர், உருளை, வடம், எல்லாம் அப்படியே. அதிக புள்ளிகள் உள்ள வினா, நான்கு பகுதிகள், முதற்பகுதியில் வரும் எண்ணை வைத்துத்தான் மற்ற மூன்றும். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வர்க்கம் இல்லாமல் அழகாகச் செய்து, விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

மதிய இடைவேளையில் கல்லூரிக்குப் பின்னால் இருந்த சின்னப் பூங்காவுக்குப் போனேன். மரவாங்கு ஒன்றில் ஒரு ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடந்து போகும்போது முதலில் எனக்குத் தெரிந்தது அவர் மடியில் இருந்த ஐஸ்கிறீம் பெட்டி. பிறகு அதற்குள் இருந்த கட்லட். பிறகுதான் அத்தான்.

மனிதனுக்கு அப்படியான நேரத்தில் மூளை வேலை செய்வதில்லை. "வேலை இல்லையோ அத்தான்?" என்று கேட்டேன்.

அவர் பெட்டியை மூடினார். வாயில் இருந்ததை விழுங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "இரு" என்றார். நான் உட்காரவில்லை. அவர் பக்கத்தில் வாங்கில் வினாத்தாள் மடித்துக் கிடந்தது. காலையில் எனக்குத் தந்த அதே தாள். பின்வரிசை ஒன்றில், கடைசியாக வந்து, நான் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்ற நம்பிக்கையில் இருந்து எழுதியிருக்கிறார்.

"நீங்கள் பாஸ் பண்ணின ஆள்தானே?"

"கலியாணம் பேசேக்கை எழுதிப்போட்டு இருந்தனான். சரிவருமெண்டு நினைச்சுத்தான் கார்டிலை போட்டது. ரிசல்ட் பிறகுதான் வந்தது." வாங்கின் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதுக்குப் பிறகு எடுக்கவும் பயமாக் கிடந்தது. ஆரும் கண்டிட்டா? இப்ப நீ எடுக்கப்போறன் எண்டு வந்து நிண்டாய். நீ பாஸ் பண்ணினா உனக்குச் சாட்டட் ஆக்களின்ரை பேர்ப்பட்டியல் வரும். அதிலை என்ரை பேரைத் தேடுவாய்தானே."

எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. மூன்றாவது வரி எங்கிருந்து வந்ததென்று கேட்டது, வேறு விதமாகச் செய்து காட்டச் சொன்னது, மேலே கொண்டுபோய் ஆறுதலாகப் பார்த்தது. அவர் என்னைத் திருத்தவில்லை. நான் அவருக்குப் படிப்பித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். வர்க்கத்தில் விரலை வைத்து ஏன் என்று கேட்டது, அந்த வீட்டில் அவர் என்னிடம் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்விகளில் ஒன்று. நான் அதற்குப் பதில் சொல்லாமல் அழிறப்பரை எடுத்திருக்கிறேன்.

"அந்தப் பாரந்தூக்கி," என்றேன். "வர்க்கம் போட்டனீங்களோ?"

அவர் பெட்டியின் மூடியை இன்னொருமுறை அழுத்தினார்.

"போட்டனீங்களோ இல்லையோ?"

"போட்டனான்."

"என்னை அழிக்க வைச்சனீங்கள்."

"நான் அழிக்கச் சொல்லேல்லைத் தம்பி. நான் கேட்டனான். நீயாத்தான் அழிச்சாய். பிறகு எனக்கும் யோசினையாக் கிடந்தது. வேலையிலை ஒரு பழைய புத்தகம் கிடந்தது, எடுத்துப் பாத்தன். வர்க்கம்தான். சக்தி சமனாகவேணும், அதாலை வாறது." விளக்கம் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எப்ப பாத்தனீங்கள்?"

"ரெண்டு கிழமைக்கு முதல்."

"அதுக்குப் பிறகும் நான் ரெண்டு கணக்கு வர்க்கம் இல்லாமச் செய்து தந்தனான். ரெண்டுக்கும் சரி போட்டுத் தந்தீங்கள்."

"பின்னை என்னண்டு சொல்லுறது?" என்று கேட்டார். "நான் பிழையெண்டு சொன்னதா நீ நினைச்சிட்டாய். பிறகு வந்து அதுதான் சரியெண்டு சொன்னா, அத்தானுக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைப்பாய்."

"நினைச்சா என்ன?"

அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார். அவரைப் பொறுத்தவரை அது கேட்கவே தேவையில்லாத கேள்வி. நான் அப்படி நினைப்பதும் நான் பரீட்சையில் தவறுவதும் தராசில் இரண்டு பக்கமும் வைக்கப்பட்டு, எது பாரம் என்று எப்போதோ தீர்மானமாகிவிட்டது. வாயைத் துடைக்க அவர் பையிலிருந்து கைலேஞ்சியை இழுத்தார். அதோடு ஒரு மடித்த தாள் புல்லில் விழுந்தது. நாட்காட்டித் தாள். அதன் ஓரத்தில் திருநீறு கசிந்திருந்தது.

கொதிகலன் பார்க்கப் போகிறவருக்கு யாரும் திருநீறு மடித்துக் கொடுப்பதில்லை. அக்காவின் கை யாருக்காக நடுங்கியது என்று அப்போது தெரிந்தது.

"கட்லட் ஒண்டு எடு" என்றார் அத்தான். "அக்காவுக்கு ஒண்டும் கதைச்சுப்போடாதை. மத்தியானத் தாள் கிடக்கு. பதறாமல் எழுது."

நான் பூங்காவின் அடுத்த மூலைக்குப் போய் என் பெட்டியைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். மத்தியானத் தாள் வெப்பவியக்கவியல், எனக்குக் கைவந்த பாடம். அதை ஒழுங்காகவே எழுதினேன். கோபத்தில் எனக்குக் கணக்கு நன்றாக வரும் என்பதை அன்று கண்டுகொண்டேன். காலையிலும் கொஞ்சம் கோபம் வந்திருக்கலாம்.

வீட்டுக்குப் போனபோது அத்தான் இன்னும் வரவில்லை. அக்கா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டாள்.

"எப்ப தொடக்கம் உனக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"கலியாணம் முடிஞ்ச மூண்டாம் மாசம்" என்றாள்.

அழவில்லை. சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நான் பாரந்தூக்கிக் கணக்கை அவளுக்குச் சொன்னேன். அழித்ததையும், அவர் புத்தகத்தில் பார்த்ததையும், பிறகும் சரி போட்டதையும் சொன்னேன். எனக்கு அந்த மேசை கிடைக்காது, நான் திரும்பவும் அந்தப் பசைக்குள்தான் என்று சொன்னேன். வாயில் வந்த எல்லாவற்றையும் சொன்னேன். வாசல் பித்தளையைக் கழற்றி எறியப் போகிறேன் என்றும், அப்பாவுக்கு எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன்.

"அந்த வர்க்கக் கதை எனக்குத் தெரியாது, சாமியாணை" என்றாள். நம்பினேன். இன்றும் நம்புகிறேன். நம்பாவிட்டால் எனக்கு ஒரு அக்கா இல்லை.

"அப்ப நான் எழுதட்டோ அப்பாவுக்கு?"

"எழுது. எழுதி என்ன செய்யப்போறாய்? வீட்டைத் திருப்பி வாங்கப்போறியோ?" அவள் குரலை உயர்த்தவில்லை. "நீ அடுத்த வருசமும் சோதினை எடுக்கலாம் தம்பி. நான் இன்னொருக்கா எடுக்கேலாது."

அவள் திரும்பவும் கத்தியை எடுத்து வெங்காயத்தை வெட்டத் தொடங்கினாள். நான் எழுதவில்லை. பித்தளையையும் தொடவில்லை.

ஆவணி கடைசியில் முடிவு வந்தது. எல்லாத் தாளிலும் சித்தி, இயக்கவியலைத் தவிர. ஒன்று தவறினால் முழுவதும் தவறியதுதான். தலைமைப் பொறியியலாளர் கடிதத்தைப் படித்துவிட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். அடுத்த மாதம் அந்த மேசைக்கு வெளியிலிருந்து ஒருவன் வந்தான். நல்ல பையன், என்னிடம் கன்வேயர் எப்படி ஓடுகிறதென்று அடிக்கடி கேட்டு எழுதிக்கொள்வான். அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ கசந்தது, பாவம் அவனுக்கு அது தெரியாது.

அத்தானுக்குச் சரிவந்துவிட்டது. அவர் என்னிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அக்கா கோயிலில் அர்ச்சனை செய்து, வந்து பாயாசம் காய்ச்சியதில் எனக்கு விளங்கியது. பாவம் மனிதன், ஊரறியக் கொண்டாடவும் முடியாது. பத்து வருடமாகச் சாட்டட் இஞ்சினியராக இருக்கிற ஒருவர் அன்றுதான் சாட்டட் ஆனேன் என்று யாரிடம் சொல்வார்? வீட்டுக்குள்ளேயே மூன்று பேருமாக ஒரு விசேஷமும் இல்லாத நாளில் பாயாசம் குடித்தோம். முந்திரிப்பருப்பும் போட்டிருந்தாள். நான் பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹரோவிலிருந்து அத்தானின் ஒன்றுவிட்ட தமையனும் மனைவியும் சாப்பிட வந்தார்கள். அந்த மனிதர் கணக்காளர், எதையும் நேரே கேட்கிறவர். சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்து, "என்ன மாதிரித் தம்பி சோதினை?" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் அத்தான் சொன்னார். "இந்தமுறை தப்பிட்டுது அண்ணை. ஒரு பாடம்."

"வீட்டிலையே நீ இருக்கிறாய். உன்னட்டைக் கேட்டுப் படிச்சிருக்கலாமே."

"ஓமோம், நானும் ஞாயிறு ஞாயிறா இருந்து பாத்தனான்தான். ஆனா சோதினையிலை ஒரு அடிப்படைப் பிழை விட்டிட்டான். கியர் கணக்கிலை வர்க்கம் போடேல்லை." பருப்பைச் சோற்றோடு சேர்த்துக் குழைத்துக்கொண்டே, ஒரு துளி வெட்கமில்லாமல், "வர்க்கம் கட்டாயம் போடவேணும் தம்பி. சக்தி சமனாகவேணுமெல்லே" என்றார்.

என் கை சோற்றில் அப்படியே நின்றது. அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அவருக்கு அதற்குள் எல்லாம் சீராகிவிட்டது. பட்டம் உண்மையாகிவிட்டதால், பத்து வருடமும் அவருக்கு உண்மையாகிவிட்டது. தான் எனக்குப் படிப்பித்ததும், நான் கேட்காமல் போனதும் அதோடு உண்மையாகிவிட்டன. அக்கா என் பக்கம் திரும்பாமல் வந்து என் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போட்டாள்.

"ஓம்," என்றேன் நான். "வர்க்கம் போட மறந்திட்டன்."

அந்த மாதமே அப்டன் பார்க்கில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்துக்கொண்டு போனேன். கருவாட்டு மூட்டை இறக்கும் கடை, சுவரெல்லாம் அந்த நாற்றம். அங்கே ரீவி போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கணக்கையும் நானே செய்து, நானே சந்தேகித்து, நானே புத்தகத்தில் பார்த்தேன். அடுத்த ஆண்டு சித்தியடைந்தேன். மேசை கிடைக்க அதன்பிறகும் பல ஆண்டுகள் பிடித்தன, வேறொரு தொழிற்சாலையில்.

ஆனால் ஹரோவில் யாரிடம் கேட்டாலும், அத்தான் இருந்து படிப்பித்துத்தான் நான் இஞ்சினியர் ஆனேன் என்பார்கள். கலியாண வீடுகளில் என் பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்வார்கள். நான் மறுப்பதில்லை. அத்தான் தலையைக் குனிந்துகொண்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோலக் கையை அசைப்பார். அந்தக் கையைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். பக்கத்தில் நிற்கும் அக்கா, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, ஓம் ஓம் என்று தலையாட்டுவாள்.